அரைக் குளிசை

தம்பி, இந்தக் கடிதத்தின் கையெழுத்து உன் தங்கச்சியுடையது, சொல் என்னுடையது. என் வலது புறங்கையில் சேலைன் ஊசி ஏற்றிய இடம் வீங்கிப்போய், விரல்களை மடக்க முடியாமல் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தவளை வைத்தியசாலை விறாந்தையில் உள்ள வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருத்தி, அவளுடைய விஞ்ஞானக் கொப்பியின் நடுத் தாள்களைக் கழற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். நான் வாயால் சொல்வதை அவள் எழுத்துத் தமிழாக மாற்றிக்கொண்டே போகிறாள். "நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதினா அண்ணா பாதியிலை சிரிப்பார், அம்மா. இது சிரிக்கிற கடிதம் இல்லைத்தானே" என்கிறாள். உண்மைதான். எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் உனக்குப் பொய் சொல்லிப் பழகிவிட்டேன். போன கிழமை நீ வீடியோவில் எடுத்தபோது அப்பா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கட்டிலில் இருந்தபடி "சும்மா தலைச்சுத்துத்தான், வெயில்" என்று சிரித்தேன். தாளில் எழுதும்போது சிரிக்கத் தேவையில்லை.

முதலில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். எனக்கு நேற்றுக் காலையே துண்டு வெட்டிவிட்டார்கள். சுகம், வீட்டுக்குப் போகலாம் என்று கையெழுத்து வைத்து மருந்தும் தந்துவிட்டார்கள். ஆனால் நான் போகவில்லை. என் கட்டிலில் இப்போது சண்டிலிப்பாயிலிருந்து வந்த ஒரு ஆச்சி படுத்திருக்கிறார். நான் என் பையுடன் இந்த வாங்கில் இருக்கிறேன். இரவு வாட்டின் மூலையில் ஒரு கதிரையில் இருந்து தூங்க விட்டார்கள். இன்றைக்கும் விடுவார்களோ தெரியாது. உன் அப்பா இந்தக் கட்டடத்துக்குள் வந்து, தன்னுடைய கையை நீட்டி, தன்னுடைய பெயரில் பிரஷர் பார்க்கும் வரை நான் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் படலைக்கு வெளியே, வேப்பமர நிழலில் பள்ளிக்கூட வானை நிறுத்திவிட்டு அதற்குள் இருக்கிறார். விறாந்தையின் கம்பிக்கூடாகப் பார்த்தால் வானின் முன்பக்கமும் அவருடைய முழங்கையும் தெரிகின்றன. காலை ஒன்பது மணியிலிருந்து அந்த முழங்கை அங்கேதான் இருக்கிறது. உன் தங்கச்சி வந்ததிலிருந்து இரண்டு தரம் போய் வந்துவிட்டாள்.

"அப்பா சொல்லுறார், 'கொம்மாவை வரச் சொல்லு, சோறு ஆறுது' எண்டு."

"நீ போய்ச் சொல்லு, 'சோறு ஆறட்டும், நீங்கள் வாங்கோ' எண்டு."

"அம்மா, நான் என்ன தபால்காரியோ? இருந்து எழுதட்டோ, ஓடட்டோ?"

எழுதச் சொன்னேன்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும். நீ கனடாவுக்குப் போக விசா பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த நாட்கள். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கப் போன வானில் நீயும் துணைக்குப் போனாய். கொழும்புத்துறைப் பக்கம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அப்பா வானைக் கரையில் நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "தம்பி, கொஞ்சம் பொறு, கண் இருட்டுது" என்று சொன்னாராம். பத்து நிமிடம் அப்படியே இருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் நீ அதை என்னிடம் சொன்னாய். அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். நீ சொல்லி முடிக்க முதலே, "மெல்லக் கதை, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றுதான் நான் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும். நீ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய். பிறகு நீ நேரே அவரிடம் போய், "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பிள்ளையளை வைச்சுக்கொண்டு உப்பிடி ஓடக்கூடாது" என்றாய். அவர் துவாயை உதறிக்கொண்டு உள்ளே போனார். ஒரு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. நீ விமானம் ஏறும் நாள்வரை உங்கள் இருவருக்கும் இடையில் அந்தச் சொல் கிடந்தது. நான் உன் பக்கம் நிற்கவில்லை. "அப்பாவை எதிர்த்துக் கதைக்காதை" என்றேன். நீ அவரை எதிர்க்கவில்லை, காப்பாற்றப் பார்த்தாய் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் உன் வாயை அடைத்தேன். இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் கேட்கும் முதல் மன்னிப்பு அது.

அவர் ஏன் போகவில்லை என்பதை நீ பிடிவாதம் என்று நினைத்தாய். அது பயம். அவருடைய பழைய கூட்டாளி செபமாலை அண்ணரை உனக்குத் தெரியும், பஸ் ஓடினவர். அவர் கிளினிக்குக்குப் போகத் தொடங்கிய கொஞ்ச நாளில் லைசன்ஸ் புதுப்பிக்க முடியாமல் வீட்டில் இருந்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த மனிதன், பிறகு வாசலில் கதிரை போட்டு, போகிற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் சொல்லிக்கொண்டிருந்ததை அப்பா பார்த்துவிட்டு வந்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. "கொப்பி போட்டால் முடிஞ்சுது. வருத்தக்காரன் ஓடுற வானிலை ஆர் தங்கடை பிள்ளையை ஏத்துவினம்?" என்றார். கிளினிக் கொப்பி ஒன்று அவர் பெயரில் இருந்தால் அது ஊருக்கே வாசித்துக் காட்டப்படும் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்படி நினைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இருந்தது. நீ போனபின் இந்தப் பக்கம் எவ்வளவு மாறிவிட்டது என்று உனக்குத் தெரியாது. கொக்குவிலில் நாங்கள் வந்த காலத்தில் பனங்காணியாய்க் கிடந்த இடமெல்லாம் இப்போது மதில் கட்டிய வீடுகள். மேல்மாடி வைத்து மாணவர்களுக்கு அறை கொடுக்கிறார்கள். தீவுப்பக்கத்தாரும் வன்னியிலிருந்து வந்தவர்களும் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் பக்கத்தில் இருப்பது இந்தப் பொது வைத்தியசாலை ஒன்றுதான். அது வளர்ந்த வேகத்துக்கு மேலாகச் சனம் வளர்ந்துவிட்டது. புதுக் கட்டடம் திறந்த கிழமையே அதன் விறாந்தையிலும் பாய் விரித்தார்கள். வளர்ந்தாலும் இது இன்னும் எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடம். மருந்து கொடுக்கும் தம்பியின் மகள் எங்கள் வானில் வருகிறாள். எக்ஸ்றே எடுப்பவரின் மகன் வருகிறான். நான் படுத்திருந்த வாட்டின் தாதி சுபா மிஸ்ஸின் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள்; சின்னவன் முதலாம் வகுப்பு. அப்பாவை "வான் மாமா" என்று கூப்பிடும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்தான் இங்கே வெள்ளை உடுப்புடன் நடமாடுகிறார்கள். வேறு எந்த இடத்தில் உண்மையைச் சொன்னாலும் இங்கே சொல்ல முடியாது என்று நினைத்தோம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்குப் பிரஷர் இருப்பது நீ சின்னவனாய் இருந்தபோதே தெரியும். மாதாமாதம் கிளினிக்குக்கு வருகிறவள். ஒரு கடையில் மெசினில் பார்த்தபோது அவருக்கும் பிரஷர் கூட என்று தெரிந்தது. வருத்தம் ஒன்று, மருந்தும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். பாக்குவெட்டியால் என் குளிசைகளை நடுவால் வெட்டி, ஒரு பாதியை நான் போட்டு, மற்றப் பாதியை அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். "உது என்ன?" என்று கேட்டார். "விற்றமின்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அது விற்றமின் இல்லை என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். எடுத்து வாயில் போட்டு விழுங்கினார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. காலையில் ஒரு பாதி, இரவில் ஒரு பாதி. அது எனக்கு அன்பாகத்தான் தெரிந்தது. ஒரு விதத்தில் பெருமையாகக்கூட இருந்தது, என் உடம்பைப் பகிர்ந்து கொடுப்பதுபோல.

அதன் பிறகு கிளினிக்கில் என் பிரஷர் இறங்கவில்லை. எப்படி இறங்கும், பாதி மருந்து வேறொருவர் வயிற்றில் இருந்தால்? டொக்டர் குளிசையைக் கூட்டி எழுதினார். தம்பி, அப்போது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரட்டிப்பானால் பாதி என்பது முழுசாகிவிடும் என்று கணக்குப் பார்த்தேன். அடுத்த தரம் இன்னும் கூட்டுவார்கள் என்ற ஆசையில் கிளினிக்குக்கு முதல் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். படலையிலிருந்து கிளினிக் அறைவரைக்கும் மூச்சு வாங்க நடந்து போனேன். அவர்களும் கூட்டினார்கள். பிறகு வேறு ஒரு குளிசையும் சேர்த்தார்கள். அதையும் வெட்டினேன்.

இந்த இடத்தில் உன் தங்கச்சி பேனையை வைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும் அம்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பாக்குவெட்டியிலை வெள்ளை மா ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கடை வீட்டிலை ஆர் வெத்திலை போடுறது? போன வருசமே தெரியும். அதாலைதான் நான் முன் சீற்றிலை இருக்கிறனான். பின்னுக்கு இருந்தா புத்தகம் வாசிச்சுக்கொண்டு போகலாம். முன்னுக்கு இருந்தா அப்பாவைப் பாக்க வேணும்."

ஒரு வருடமாகப் பதினைந்து வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தகப்பனின் கண்களைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நான் அவள் தலையைத் தடவப் போனேன். அவள் விலகி, "சொல்லுங்கோ, எழுதுறன்" என்றாள். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒரே விசயத்தைத் தனித்தனியே ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். நீ நாளைக்கு ஒருத்தியோடு குடும்பமாய் வாழப் போகிறவன். அவளுடைய குறையை நீ மூடி வைப்பதும், அவளுக்காக நீ நிற்பதும் ஒன்று என்று நினைத்துவிடாதே. நான் நினைத்தேன்.

போன கிழமைத் திங்கள் கிளினிக்கில் எனக்கு நெஞ்சு அடைப்பதுபோல இருந்தது. மெசினைப் பார்த்த டொக்டர் வீட்டுக்கு விடவில்லை; நேரே வாட்டுக்கு அனுப்பினார். அங்கே குளிசையைக் கையில் தந்துவிட்டுப் போகமாட்டார்கள். சுபா மிஸ் முன்னால் நின்று, தண்ணீரும் தந்து, விழுங்கும் வரை பார்ப்பார். கொப்பியில் எழுதியிருந்த அத்தனையும், இரண்டு வருடமாகக் கூட்டிக் கூட்டி எழுதிய அத்தனையும், முதல் தடவையாக முழுதாக என் ஒருத்தியின் வயிற்றுக்குள் போனது. அடுத்த நாள் காலை கக்கூசுக்குப் போக எழுந்தவள் வாசலிலேயே விழுந்தேன். கண் விழித்தபோது காலைத் தூக்கி வைத்துச் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரஷர் பாதாளத்துக்குப் போய்விட்டதாம். இளம் பெண் டொக்டர் ஒருவர், உன் வயதுதான் இருக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"அம்மா, வீட்டிலை குளிசையளை ஒழுங்காப் போடுறனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ, நான் ஏசமாட்டன்."

"ஓம் டொக்டர். ஒரு நாளும் விடுறேல்லை."

அந்த ஒரு "ஓம்" என்னை அந்தக் கட்டிலோடு கட்டிப் போட்டது. ஒழுங்காக மருந்து போட்டும் ஏறி நின்ற பிரஷர் இப்போது ஏன் திடீரென விழுந்தது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள். காரணம் கண்டுபிடிக்காமல் விடமாட்டோம் என்றார்கள். நான் எவ்வளவு நாள் பொய்யில் நிற்கிறேனோ அவ்வளவு நாள் உள்ளே கிடக்க வேண்டும். நான் உள்ளே கிடக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் அவருக்குக் குளிசை இல்லை. நான் கிளினிக்குக்கு வெளிக்கிட்டபோது குளிசை ரின்னுக்குள் ஆறு பாதிகள் கிடந்தன. மூன்று நாளுக்குத்தான் காணும். நாலாம் நாள் காலையும் அவர் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். கட்டிலில் கிடந்து அந்த நேரத்தைக் கணக்குப் பார்ப்பேன். ஏழு மணி, ஒழுங்கையில் சுபா மிஸ்ஸின் சின்னவனை ஏற்றுவார். ஏழு பத்து, றெயில் கேற். ஏழரை, பெரிய வீதி. பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம் தாண்டினால்தான் எனக்கு மூச்சு வரும். பிறகு இரண்டு மணிக்குத் திரும்பத் தொடங்கும். இவ்வளவுக்கும் என் தலையணையைச் சரி செய்தது சுபா மிஸ். முதல் நாள் நான் வாந்தி எடுத்ததைத் துடைத்தது அவர். "அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ, அண்ணை பாவம் தனிய எல்லாம் பாக்கிறார்" என்பார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன்.

ஐந்தாம் நாள் நான் செய்ததையும் எழுது என்று உன் தங்கச்சிக்குச் சொல்கிறேன். மிஸ் தந்த குளிசையை விழுங்காமல் நாக்குக்குக் கீழே ஒதுக்கி, அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் லேஞ்சியில் துப்பி முடிந்து வைத்தேன். பின்னேரம் பார்வை நேரத்தில் அப்பா வந்ததும் அதை அவர் கைக்குள் திணித்தேன். அவர் அவிழ்த்துப் பார்த்தார். குளிசை கரைந்து, துணியோடு ஒட்டிப் பசையாகிக் கிடந்தது.

"இஞ்சை, உமக்கு விசரோ?" என்றார் மெல்ல. "உதைச் சுரண்டித் தின்னவோ?"

"ஒரு கிழமைக்கு ஓடாமல் இருங்கோவன். காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ."

"சோதினை நேரம். பெரிய பிள்ளையளுக்குச் சோதினை. ஆர் ஏத்திறது? நான் நல்லாத்தான் இருக்கிறன். நீர் சும்மா படும்."

லேஞ்சியை மடித்துத் தன் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தத் திங்கள் பின்னேரம் சுபா மிஸ் வேலைக்கு வந்தார். என் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக்கொண்டே சிரித்தார். "அக்கா, உங்கடை மனிசன்ரை பகிடியைக் கேட்டியளோ? காலமை றெயில் கேற்றிலை நிண்டவையாம். றெயில் போய், கேற்றும் திறந்து, பின்னாலை நிண்டவன் எல்லாம் ஹோன் அடிக்கிறானாம், அண்ணை தலையை ஸ்டியரிங்கிலை வைச்சுக்கொண்டு இருந்தவராம். எங்கடை சின்னவன் கத்தினவனாம், 'மாமா, கேற் திறந்தாச்சு, நித்திரையோ?' எண்டு. எல்லாப் பிள்ளையளும் கை தட்டிச் சிரிச்சவையாம். வீட்டை வந்து அதை நடிச்சுக் காட்டுறான் கள்ளன்."

நான் சிரிக்கவில்லை. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தம்பி, அந்தக் கணத்தில் என் முன்னால் இரண்டு வழி இருந்ததாக நான் சொல்லமாட்டேன். வழியே இல்லாமல்தான் இருந்தது. ஒரு பக்கம் உன் அப்பாவின் முழு வாழ்க்கை. மறு பக்கம் கை தட்டிச் சிரித்த அந்தப் பிள்ளைகள், அவர்களுக்குள் முன் சீற்றில் உன் தங்கச்சி. நான் மிஸ்ஸின் கையைப் பிடித்தேன்.

"மிஸ், நாளைக்குப் பிள்ளையளை அந்த வானிலை ஏத்தாதேங்கோ."

"ஏன் அக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பாக்குவெட்டி, விற்றமின், கருவாடு, லேஞ்சி, எல்லாம். அவர் பட்டியில் காற்றை விட மறந்துபோய் நின்றார். என் கை மரத்துப்போனது. பிறகு அதைக் கழற்றினார். முகம் வெளிறியிருந்தது. "ரெண்டு வருசமா அக்கா? ரெண்டு வருசமா என்ரை பிள்ளையளுக்கு நீங்கள் காலமையிலை ரா ரா எண்டு கை காட்டி ஏத்தி விட்டனீங்கள், என்ன?" அவ்வளவுதான் கேட்டார். அவர் விறாந்தைக்குப் போய்ப் போன் எடுத்தார். திரும்பி வந்து எனக்குத் தண்ணீர் வைத்தார். ஆனால் அக்கா என்று கூப்பிடவில்லை.

அரை மணிக்குள் இளம் டொக்டர் வந்தார். கோபப்படவில்லை, களைத்துப்போனவர்போலக் கதிரையில் இருந்தார். "அம்மா, ஒரு கிழமையா நாங்கள் உங்கடை சிறுநீரகத்துக்குள்ளை பிழை தேடுறம்" என்றார். பிறகு, நானும் அப்பாவும் இவ்வளவு நாளும் எதற்குப் பயந்தோமோ அதைப் பற்றி அவர் சொன்னதைக் கேள். பிரஷர் உள்ள எத்தனையோ பேர் ஒழுங்காக மருந்து போட்டுக்கொண்டு, டொக்டர் சரி என்று சொன்னபிறகு வாகனம் ஓடுகிறார்களாம். கொப்பி போட்டவுடனே ஒருவரும் லைசன்ஸைப் பறிப்பதில்லையாம். மருந்து இல்லாமல், தலைச்சுற்றோடு ஓடுவதுதான் ஆபத்தாம். செபமாலை அண்ணருக்குப் போனது கண் பார்வை என்று நேற்றுத்தான் அவருடைய மனிசி சொல்லி அறிந்தேன். அதை ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்டால் எங்களுடைய விசயம் வெளியே வந்துவிடும் என்று கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அப்பா வந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆறேழு வீட்டார் போன் எடுத்துவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "நல்ல வேலை செய்தீர்" என்றார். கொண்டுவந்த சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். முப்பது வருடத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் எனக்குத் துண்டு வெட்டினார்கள். ஒரேயொரு குளிசை. "இதை வெட்டக்கூடாது" என்று டொக்டர் உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதினார். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கதைக்காமல் இருப்பார். நான் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், மூன்றாம் நாள் பாக்குவெட்டியை எடுப்பேன். அதனால்தான் வாங்கில் இருந்துவிட்டேன். இங்கே இருந்தால் என்னால் அதைச் செய்ய முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நீ அவருக்குப் போன் எடுத்துச் சத்தம் போடக்கூடாது என்று எழுதச் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் தங்கச்சி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அங்கை பாருங்கோ" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எழுதவில்லை. மிச்சத்தை இப்போது சொல்கிறேன்.

காலைக் கடமை முடிந்து சுபா மிஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படலைப் பக்கம் போனார். கையில் பிரஷர் மெசின். நேரே வானுக்குப் போனார். உன் தங்கச்சி பின்னால் ஓடினாள். அங்கே கதைத்ததை அவள்தான் கேட்டாள்.

"கையை நீட்டுங்கோ அண்ணை."

"உமக்கு என்னிலை கோவம் எண்டு நினைச்சன், பிள்ளை."

"கோவம்தான். கையை நீட்டுங்கோ."

அவர் யன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ் ஒரு தரம் பார்த்தார். பிறகு காற்றை விட்டுவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். இலக்கத்தைச் சொல்லவில்லையாம். வானின் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் திறப்பைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "இறங்குங்கோ" என்றாராம். அவர் இறங்கினார். வேட்டியைச் சரி செய்தார். படலையில் நின்ற காவலாளி "என்ன மாமா, மனிசியைக் கூட்டிக்கொண்டு போகவோ?" என்று கேட்டதற்கு, "இல்லைத் தம்பி, நான்தான் வந்தனான்" என்றாராம்.

வெளிநோயாளர் பிரிவில் அந்த இளம் டொக்டர் இருந்தார். அப்பாவைக் கதிரையில் இருத்தி, புதுக் கொப்பி ஒன்றில் அவருடைய பெயரை எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். மிஸ்ஸும் வீட்டுக்குப் போகாமல் நின்றார். டொக்டர் ஒவ்வொன்றாய்க் கேட்டார். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பிறகு, "ஓடிக்கொண்டு போகேக்கை கண் இருட்டி நிப்பாட்டினது எத்தினை தரம், ஐயா?" என்று கேட்டார்.

நீ கண்டது ஒரு தரம். உன் தங்கச்சி கண்டது ஒரு தரம், அந்த றெயில் கேற்றில். இரண்டு என்று சொல்வார் என்று நான் நினைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"அஞ்சாறு தரம் இருக்கும்" என்றார்.

மிஸ் திரும்பிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் அப்பாவுக்குப் பாதி மருந்தைக் கொடுத்து, பாதி உண்மையை வாங்கிக்கொண்டு, முழுதையும் சுமப்பது நான் ஒருத்திதான் என்று இருந்திருக்கிறேன். அவரை இப்போது ஆண்கள் வாட்டில் விட்டிருக்கிறார்கள். கட்டில் இல்லை, விறாந்தையில் பாய். இன்றிரவு நான் வீட்டுக்குப் போவேன், உன் தங்கச்சிக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பஸ்ஸில் போவாள். வான் வேப்பமரத்தடியில் நிற்கும். அது மறுபடி எப்போது ஓடும், ஓடினால் யார் பிள்ளையை ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தம்பி, அந்த மற்ற மூன்று நாலு தரமும் எந்த வீதியில், யாருடைய பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தனியே அவர் எப்படித் தாண்டினார் என்று நான் இன்னும் கேட்கவில்லை. நாளைக்குச் சோறு கொண்டுவரும்போது கேட்பேன். நீ போன் எடுக்கும்போது நீயும் கேள். சத்தம் போடாமல் கேட்டால் சொல்லுவார். இன்றைக்கு அந்த டொக்டர் அப்படித்தான் கேட்டார்.